தோசைக்கல்லில் ஒரு ஸ்டேக்

துபாயில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று அம்மாபட்டினத்தில் யார் கேட்டாலும் ஜெகபர் சாதிக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஹோட்டலில் ஸ்டேக் போட்டேன் என்பார். கேட்டவர் முழிப்பதற்குள், உப்பும் மிளகும் தடவி முழுத் துண்டு மாட்டுக்கறியைச் சட்டியில் சுட்டுக் கொடுப்பது என்று அவரே விளக்கிவிடுவார். அவர் மனைவி ரம்லத் பீவிக்கு மட்டும் அந்த விளக்கம் இருபத்திரண்டு வருடமாகப் பிடிபடவில்லை. மசாலா கிடையாது, குழம்பு கிடையாது. அதற்கு ஓர் ஆள், அந்த ஆளுக்கு விசா வேறா? மனுஷன் பாத்திரம்தான் கழுவுகிறார், சொல்ல வெட்கப்படுகிறார் என்று மகள் நாஜியாவிடம் அவள் சொன்னது அவர் காதுக்கும் வந்திருந்தது.

லீவில் வரும்போதெல்லாம் நாற்பது நாள் விருந்தாளி. அடுப்படிப் பக்கம் விடமாட்டாள். போன வருடம் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். தன் கையால் ஒருமுறை போட்டுக் கொடுத்து, அவள் தின்றுவிட்டு நல்லாருக்கு என்று சொல்ல வேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை. அந்த ஒரு சொல் கிடைக்காவிட்டால் இருபத்திரண்டு வருடமும் ஆற்றில் கரைத்த புளிதான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் முதுகுப் பக்கத்துக் கறியாக எலும்பில்லாமல் வாங்கிவந்தார். பீரோவின் மேல் அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருந்த நான்ஸ்டிக் சட்டியை இறக்கினார். அவரே எப்போதோ கொண்டுவந்தது. நல்ல சாமான் என்பதாலேயே யாரும் தொடாமல் வைத்திருந்தார்கள். அடுப்பைக் கூட்டப் போனவரின் கையை ரம்லத் தடுத்தாள். தீயைக் கூட்டினால் பூச்சு போய்விடும் என்று போனில் நூறு தடவை சொன்னவர் அவர்தானே? தான் வைத்த சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டார்.

சின்னத் தீயில் கறி தண்ணீர் விட்டது. விட்ட தண்ணீரிலேயே வெந்து, சாம்பல் நிறத்தில் செருப்புத் தோலாகக் கிடந்தது. ரம்லத் ஒரு துண்டை வெகுநேரம் மென்றாள். மிச்சத்தைப் பொடிப்பொடியாக நறுக்கிச் சால்னாவில் போட்டுவிட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தார்.

மூன்றாம் நாள் அவளே கேட்டாள், அங்கே எந்தச் சட்டியில் போட்டீர்கள் என்று. இரும்பு, என்றார். தூக்க ரெண்டு கை வேண்டும். சோப்புப் போடக்கூடாது, எண்ணெய் தடவித்தான் வைக்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக ஓடுகிற அளவு காய வேண்டும்.

ரம்லத் சுவரில் சாய்த்திருந்த தோசைக்கல்லைப் பார்த்தாள். அவரும் பார்த்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டார். சீரோடு வந்த கல் அது. சப்பாத்திகூட அதில் போட்டதில்லை. நாத்தனார் ஒருமுறை அதில் மீன் பொரித்ததற்கு இருவருக்கும் ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. அதைக் கேட்க எந்தப் புருஷனுக்குத் தைரியம் வரும்?

அடுத்த வெள்ளி அவர் தொழுதுவிட்டு வந்தபோது கல் அடுப்பின் மேல் இருந்தது. பக்கத்தில் கறி.

“போடுங்க, பாப்போம்” என்றாள்.

கல்லைப் புகைய விட்டார். கறியைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கி வைத்ததும் சத்தம் வாசல்வரை கேட்டது. புரட்ட வந்த ரம்லத்தைக் கையைக் காட்டி நிறுத்தினார். அடி சிவந்து தானாக விட்டுக்கொடுத்த பிறகே திருப்பினார். உள்ளே சிவப்புத் தெரிந்தால் அவள் தொடமாட்டாள் என்பதால் தீயைக் குறைத்து நன்றாகவே வேகவிட்டு, தட்டால் மூடி ஐந்து நிமிடம் ஆறவைத்தார். அவர் கை அத்தனை நிதானமாக வேலை செய்து அவள் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை.

முதல் துண்டைத் தின்றாள். இரண்டாவதைத் தானே எடுத்துக்கொண்டாள்.

“இதையா இத்தன வருஷமா அங்கிட்டுக் கண்டவங்களுக்கெல்லாம் போட்டுக்கிட்டு இருந்தீங்க?”

ஜெகபர் சாதிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்றார்.

மறுநாள் காலை முதல் தோசை கல்லை விட்டு வரவில்லை. இரண்டாவதும் கிழிந்தது. புதுக்கோட்டைக்குப் போய் வேறு கல் வாங்கிவருகிறேன் என்றார். ரம்லத் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துக் கல்லைத் தேய்த்தபடியே இருந்தாள்.

“ரெண்டு நாள்ல கல்லு பழகிரும். பிஞ்ச தோசையத் தின்னுட்டு வெள்ளிக்கெழமைக்குக் கறி சொல்லிட்டு வாங்க. நாஜியாவ வரச் சொல்லிருக்கேன், அவ அத்தா என்ன வேல பாத்தாருன்னு அவளும் பாக்கட்டும்.”