"டையிங்"குக்கு 'இ' வருமா?

ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பு விரல்கணுவில் படும்போது வலிக்கு முன்னால் ஒரு குளிர்ச்சி வரும்; திண்டிவனத்தில் நான் எட்டாம் வகுப்பு படித்த வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமைகள் எங்களுக்கு அந்தக் குளிர்ச்சியில்தான் தொடங்கின. அன்றுதான் இங்கிலீஷ் மிஸ் "ரெட்டைப்புள்ள டெஸ்ட்" வைப்பார். காதுக்கு ஒன்றாகவும் எழுத்தில் வேறாகவும் இருக்கும் சொற்களுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. மாவும் "ஃப்ளவர்", பூவும் "ஃப்ளவர்". வாரமும் "வீக்", சோர்ந்து கிடப்பதும் "வீக்". ஒரு சொல் தப்பினால் ஓர் அடி. பத்திரம் எழுதும் என் அப்பா, "ஒரு எழுத்து மாறுனா நெலமே கைமாறிப் பூடும்மா" என்று சொல்லிச் சொல்லி வளர்த்ததாலோ என்னவோ, நான் அடி வாங்கியது அபூர்வம். இருபதுக்கு இருபது வாங்கியவரின் தாளை மிஸ் சுவரில் ஒட்டுவார். அந்தச் சுவர் எனக்கே உரியது என்று நினைத்திருந்தேன், அஞ்சலாட்சி வரும்வரை.

அவள் கூட்டேரிப்பட்டுக்காரி. அவளுடைய அப்பா அங்கே ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருந்தார். ஏழாவது வரை தமிழில் படித்துவிட்டு வந்தவள், முதல் மாதம் கை வீங்க அடி வாங்கினாள். மூன்றாவது மாதம் சுவரில் அவளுடைய தாள் இருந்தது. என் பக்கத்தில்தான் உட்காருவாள். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையில் உருண்டை கொண்டுவந்தால் சட்டை நுனியில் சுற்றிக் கடித்துப் பாதியை என்னிடம் நீட்டுவாள். அதை வாங்கித் தின்றுகொண்டே நான் அவளை வெறுத்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை அவளைத் தேடி மொபெட்டில் ஆள் வந்தது. காமாலை முற்றி விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கிடந்த அவளுடைய அம்மா பிழைக்கமாட்டார் என்று சொல்லிவிட்டார்களாம். மகளை உடனே அழைத்துவரச் சொல்லி அவளுடைய அப்பா பக்கத்துக் கடைக்காரரை அனுப்பியிருந்தார். இங்கிலீஷில் லீவ் லெட்டர் கொடுக்காமல் எங்கள் பள்ளியில் யாரும் வெளியே போக முடியாது. அஞ்சலாட்சி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். அம்மா சாகக் கிடக்கிறார் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"கவிதா, 'டையிங்'குக்கு நடுவுல 'இ' வருமாடி? ஜல்தி சொல்லேன்."

சாவதற்கான dying-இல் அந்த 'இ' வராது. துணிக்குச் சாயம் தோய்ப்பதற்கான dyeing-இல்தான் வரும். மறுநாள் டெஸ்டுக்கான பட்டியலில் இருந்த ஜோடி அது. எனக்கு மனப்பாடம்.

"வரும்" என்றேன்.

மிஸ் லெட்டரைப் படித்தார், சிரித்தார். பிறகு அதை வகுப்புக்கே உரக்கப் படித்துவிட்டு, அந்தச் சொல்லைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, 'இ'யைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"ஏம்மா, உங்கம்மா ஆஸ்பத்திரியில படுத்துக்கினு எந்தத் துணிக்குச் சாயம் போடறாங்க? பச்சையா, செவப்பா?"

வகுப்பே சிரித்தது. முதலில் சிரித்தவள் நான்.

"கேட்ல ஆளு நிக்கறாங்க மிஸ்" என்றாள் அஞ்சலாட்சி.

"நிக்கட்டும். சரியா பத்து தடவ எழுதிட்டுப் போ. அப்பதான் மறக்காது."

எழுதினாள். என் தாய் இறந்துகொண்டிருக்கிறாள் என்று, எண் போட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பத்து முறை. கண்ணீர் விழுந்து ஆறாவது வரி கலைந்திருந்தது. அதை மட்டும் மறுபடி எழுதச் சொன்னார் மிஸ்.

அவள் விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய அம்மாவின் உயிர் போய்க் கால்மணி நேரம் ஆகியிருந்தது. "பாப்பா வந்துட்டாளா, பாப்பா வந்துட்டாளா" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் வந்தபோது பையன்கள் "சாயம்" என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் வருஷக் கடைசிவரை அவளை விடவில்லை. அவள் போன மறுநாள் டெஸ்டில் நான் எழுதி, சுவரில் இருந்த தாளின் முன்னால் நெடுநேரம் நின்றாள். ஏழாவது கேள்வி அந்த ஜோடிதான். நான் சரியாக எழுதியிருந்தேன். திரும்பி வந்து, "ஒனக்குத் தெரியுந்தானடி?" என்றாள்.

"இல்லடி, அன்னிக்கி எனக்கும் கொழம்பிடுச்சி."

அடுத்த நாளிலிருந்து வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். முழுப் பரீட்சையோடு பள்ளியை விட்டுப் போய்விட்டாள். அந்த வருஷம் இங்கிலீஷுக்கான கோப்பை எனக்குக் கிடைத்தது. அம்மா அதை டிவியின்மேல் வைத்து வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

போன மாதம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். நரை எட்டிப் பார்க்கும் தலை, கையைப் பிடித்தபடி சீருடையில் ஒரு மகள். நானே போய்ப் பெயரைச் சொன்னேன். இத்தனை வருஷம் சொல்லாததையும் சொன்னேன்.

"தெரியுங்க" என்றாள். "பள்ளிக்கூடத்த விட்டுப் போற வரைக்கும் நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். நீங்க வரல."

"என்ன மன்னிச்சிடு, அஞ்சலாட்சி."

"அதெல்லாம் வேணாங்க. நான் மன்னிச்சிட்டா உங்களுக்கு மனசு லேசாயிடும். எனக்கு அதுல இஷ்டமில்ல."

சத்தம் ஏறாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். புதுச்சேரி வண்டி வந்தது. மகளை முன்னால் ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டாள்.

இப்போதெல்லாம் லீவ் லெட்டர் கிடையாது. பெற்றோர் கைபேசியில் ஒரு வரி அனுப்புகிறார்கள். பிழை இருந்தால் கைபேசியே திருத்திவிடுகிறது. எங்கள் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் டைல்ஸ் கடை வந்துவிட்டது. மிஸ் இறந்து பல வருஷங்களாகின்றன. அன்று கூடச் சிரித்தவர்களில் கண்ணில் பட்டவர்களை எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன்; ஒருவருக்கும் அந்த நாள் நினைவில் இல்லை. நினைவு வைத்திருப்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி புதுச்சேரி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் என் பக்கம் திரும்பவில்லை. இன்னொருத்தி நான்.