படகெலும்பின் பாதி

1. திங்கட்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அக்கா படி தவறி விழுந்தாள். வலது உள்ளங்கையைத் தரையில் ஊன்றினாள்.
2. அன்று மாலை நான் வேலை செய்யும் எக்ஸ்ரே நிலையத்துக்கு வந்தாள். நானே படம் எடுத்தேன்.
3. படத்தில் முறிவு தெரியவில்லை. "ஒண்ணுமில்லக்கா, சுளுக்குதான்" என்றேன்.
4. பத்து நாள் கழித்து இன்னொரு படம் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.
5. ஐந்தாவது மாதம், அக்காவின் மணிக்கட்டில் ஓர் எலும்பு பாதி செத்துவிட்டது என்று வேலூரில் ஒரு டாக்டர் சொன்னார்.

மூன்றாவதைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. படம் எடுப்பது என் வேலை, அதைப் படித்துச் சொல்வது டாக்டரின் வேலை. ஆனால் ஆம்பூரில் எக்ஸ்ரே அறையிலிருந்து வெளியே வருகிற யாரும் டாக்டர் வரை காத்திருப்பதில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இன்னாமா, ஒடைஞ்சிருக்கா இல்லியா?" என்று எங்களைத்தான் கேட்பார்கள். நாங்கள் தலையசைத்தால் அதுவே தீர்ப்பு. ரிப்போர்ட்டைக்கூட வாங்காமல் போய்விடுவார்கள். மற்றவர்களிடம் நான் வாய் திறந்ததில்லை. அக்காவிடம் திறந்தேன்.

மணிக்கட்டுக்குள் எட்டுச் சிறிய எலும்புகள் இரண்டு வரிசையாக, கூழாங்கற்களை அடுக்கியதுபோல் இருக்கும். கட்டைவிரல் பக்கம் இருப்பது படகெலும்பு. முந்திரிப்பருப்பைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். இரண்டு வரிசைகளையும் சேர்த்துப் பிடிப்பது அது. கட்டைவிரலால் எதை அழுத்தினாலும் பாரம் அதன் வழியாகத்தான் முன்னங்கைக்கு இறங்கும். எலும்பைக் காய்ந்த குச்சி என்று நினைத்துக்கொள்கிறோம். அதற்குள் ரத்தம் ஓடுகிறது. பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. படகெலும்புக்கு மட்டும் ஒரு குறை. பெரும்பாலான ரத்தம் விரல் பக்கம் நுழைந்து பின்னோக்கிப் போகும். நடுவில் முறிந்தால் முன்னங்கைப் பக்கத்துப் பாதி பட்டினி கிடக்கும். அந்த முறிவு முதல் நாள் படத்தில் பல சமயம் தெரியாது.

இதையெல்லாம் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழும். அங்கே அழுத்தும்போது வலித்தால், படம் சுத்தமாக இருந்தாலும் முறிவு என்றே நினைக்க வேண்டும். அழுத்திப் பார்த்தேன். அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

"அய்யோ, கை வெக்காதடி."

"வலிக்குதா?"

"விழுந்தா வலிக்காம குளுகுளுன்னா இருக்கும்? ஒடையல இல்ல? அத சொல்லு. மாவுக்கட்டு போட்டா என் டேபிள்ல யாரு ஒக்காருவா?"

அவள் வேலை, ஷூவின் மேல்தோலில் பசை தடவி, ஓரத்தை மடித்து, கட்டைவிரலால் அழுத்துவது. ஒரு நாளில் எத்தனை தடவை என்று அவளே எண்ணியதில்லை. அவள் கேட்க விரும்பிய பதில் எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தன் தங்கை எக்ஸ்ரே படித்தவள் என்று அவள் கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

பத்தாம் நாள் ஏற்றுமதிக்குச் சரக்கு அனுப்பும் அவசரம். "இப்ப லீவு கேட்டா சூப்பர்வைசர் பேஜார் பண்ணுவாரு, அப்புறமா வர்றேன்" என்றாள். சரி என்றேன். வற்புறுத்தவில்லை.

மூன்றாவது மாதம் வலி பொறுக்காமல் அவளே போய் லீவு கேட்டாள். சூப்பர்வைசர் சொன்னதை வீட்டில் அவர் குரலிலேயே நடித்துக் காட்டினாள்.

"இன்னாமா நடிக்கிற? ஒன் தங்கச்சியே படம் எடுத்துப் பாத்து ஒண்ணுமில்லன்னு சொல்லிச்சுன்னு லைன் பூரா சொன்னது நீதான? இப்ப அதவிட ஒனக்கு ஜாஸ்தி தெரியுமா?"

லைனில், அவள் மேசை இருந்த வரிசையில், எல்லோரும் சிரித்தார்களாம். அக்காவும் சிரித்துவிட்டு மேசைக்குத் திரும்பியிருக்கிறாள். அந்த ஆளை இரண்டு நாள் மனதுக்குள் திட்டினேன். அதற்கு மேல் திட்ட முடியவில்லை. அவர் பயன்படுத்தியது என் வாக்கியத்தைத்தான்.

செத்த எலும்பு படத்தில் மங்கலாகத் தெரியும் என்று பலரும் நினைப்பார்கள். அப்படியில்லை, பக்கத்து எலும்புகளைவிட வெளுப்பாகத் தெரியும். வேலூர் டாக்டர் விளக்குப் பலகையில் படத்தை மாட்டியபோது, அவர் விரல் வைப்பதற்கு முன்பே அந்த வெள்ளைப் பாதியைப் பார்த்துவிட்டேன்.

"விழுந்த அன்னிக்கே படம் எடுத்தீங்கல்ல? ஒண்ணுமில்லன்னு யாரும்மா சொன்னது?" என்று கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "அங்க இருந்த ஒரு பொண்ணு, சார். பேரு தெரியாது."

நான் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். வெளியே வந்ததும், "ஏன்கா அப்படி சொன்ன?" என்றேன்.

"பின்ன? ஒன் வேலையும் போவணுமா? ஒரு கை போனது பத்தாதா?"

அவள் என்னை அறைந்திருக்கலாம். இடது கை நன்றாகத்தான் இருந்தது.

இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து வைத்துத் திருகாணி போட்டிருக்கிறார்கள். எலும்பு இன்னும் சேரவில்லை. மடிப்பு மேசையில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அக்கா தயாரான ஷூக்களுக்குள் இடது கையால் காகிதம் திணிக்கிறாள். எக்ஸ்ரே அறையில் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்பவர்களிடம் இப்போது நான் "டாக்டரைக் கேளுங்க" என்று மட்டும் சொல்கிறேன். திமிர் பிடித்தவள் என்கிறார்கள். அந்த முதல் படத்தை எடுத்தவள் யார் என்று வேலூர் டாக்டருக்கு இன்னும் தெரியாது.