படுக்கையறைக்குக் குடிபோன சமையலறை

ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கோப்புகளை அடுக்கி வைக்கும் அறையில் எனக்கு இருபத்தொரு வருட வேலை. எந்த டாக்டர் எந்தக் கோப்பைக் கேட்டாலும் இரண்டே நிமிடத்தில் எடுத்து நீட்டிவிடுவேன். அங்கே எனக்குப் பருந்து என்று பட்டப்பெயர். இந்தப் பருந்துக்குச் சொந்தச் சமையலறையில் டீ வடிகட்டியைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆகும். கிடைக்காவிட்டால் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வருவேன். மறுநாள் பழையது கண்ணெதிரே ஆணியில் தொங்கும்.

தப்பு என்னுடையதாக இருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அலமாரி கோணல் என்றேன். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், பள்ளிக்கூட வேன் ஓட்டும் என் கணவரே ஒருநாள் சொன்னார்: "சரி விடு. கிச்சன் டிசைன் பண்றவங்களக் கூப்பிட்டு எல்லாத்தையும் மாத்திடுவோம். அதுக்கப்புறம் சாக்குச் சொல்ல ஒண்ணும் இருக்காது பாரு."

டிசைனர் ஒரு சின்னப் பெண். போனில் குரல் கணீரென்று இருந்தது. "சனிக்கிழமை பத்து மணிக்கு வர்றேன் மேடம். ஒரு ஃபார்ம் அனுப்புறேன், எழுதி வச்சிருங்க. ஜன்னல் இருக்கிற சுவர மட்டும் அளந்து குறிச்சிடுங்க. மத்தபடி கிச்சன்ல ஒண்ணுமே செய்யாதீங்க. இப்ப எப்படி இருக்கோ அப்படியே பாக்கணும்."

கடைசியில் சொன்னதை, 'எனக்காகச் சிரமப்படாதீங்க' என்று விருந்தாளி சொல்வாரே, அந்த வகை மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

ஃபார்ம் நான்கு பக்கம். வேலை என்ற இடத்தில் 'ஆஸ்பத்திரியில் கோப்புப் பிரிவு' என்று எழுதினேன். சமையலறையைப் பயன்படுத்துபவர் யார் என்று கேட்டிருந்தது. 'நான்' என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். உயரம் என்ற இடத்தில் ஐந்தடி ஒரு அங்குலம். அந்த ஒரு அங்குலம் செருப்பினுடையது. அடிக்கடி எடுக்கும் பாத்திரம் எது என்ற கேள்விக்கு, 'கையில் கிடைப்பது' என்பதுதான் உண்மையான பதில். 'எல்லாவற்றையும் அளவோடு பயன்படுத்துவோம்' என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அளக்க ஆரம்பித்தோம். டேப்பின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்தேன். மூன்று தடவை அளந்ததில் மூன்று நீளம் வந்தது.

"சுவரு என்ன மூச்சா விடுது?" என்றார் அவர்.

குனிந்து பார்த்தால் டேப் ரொட்டி டப்பாவின் மேலேறி, மிக்ஸிக்குப் பின்னால் வளைந்து, ஜாடிகளுக்கு நடுவே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. மேடையைக் காலி செய்தால்தான் அளக்க முடியும். எல்லாவற்றையும் படுக்கையறையில் கொண்டுபோய் வைத்தேன். அளந்து முடித்துத் திரும்பியபோது காலி மேடை பளபளவென்று கிடந்தது. அதன் நிறம் சாம்பல் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. திரும்ப அடுக்க மனசு வரவில்லை. மேடை இப்படி இருக்கும்போது அலமாரி மட்டும் ஏன் என்று அதையும் காலி செய்தேன். பிறகு இழுப்பறைகள், பிறகு பரண்.

"அப்படியே இருக்கட்டும்னுதானே அந்தப் பொண்ணு சொல்லிச்சு?"

"மொதமொதல்ல வர்ற பொண்ணு முன்னாடி மானம் போகணுமா?"

கட்டில் பாத்திரக்கடை ஆகிவிட்டதால் இருவரும் ஹாலில் படுத்தோம்.

மறுநாள் பத்து மணிக்கு அவள் வந்தாள். சுவரில் சிவப்புப் புள்ளி விழும் கருவி ஒன்றை வைத்து ஒரு நிமிடத்தில் அறை முழுவதையும் அளந்து முடித்தாள். பிறகு அலமாரியைத் திறந்தாள். ஒரு பாத்திரம், இரண்டு தட்டு, நாலு டம்ளர்.

"சாமான் இவ்வளவுதானா மேடம்?"

"நாங்க ரொம்ப சிம்பிள்மா."

என் கணவருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"அப்ப மேல அலமாரியே வேண்டாம். ரெண்டு பலகை அடிச்சுப் பூந்தொட்டி வச்சிடலாம். கீழ மூணு இழுப்பறை தாராளம்" என்று கையிலிருந்த கணினித் திரையில் அலமாரிகளாக வரைந்திருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். நான் சிரித்தபடி தலையாட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன். இனி ஆயுசுக்கும் அந்தப் பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும் போலிருந்தது.

யோசிக்க அவகாசம் வேண்டி, "டீ குடிக்கிறியாம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன். வடிகட்டி படுக்கையறையில் அல்லவா இருக்கிறது! கதவைப் பூனை நுழையும் அளவுக்குத் திறந்து உள்ளே போனேன். கட்டில் மேல் இருந்த குவியலின் அடியில் ஒரு வடிகட்டியின் வால் தெரிந்தது. பிடித்து இழுத்தேன்.

அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மூடி ஒன்று கதவிடுக்கு வழியாக உருண்டோடி, ஹாலில் நின்றிருந்தவளின் காலடியில் மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தது. அவள் கதவைத் தள்ளினாள். ஐஸ்கிரீம் டப்பாக்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"இது... சொந்தக்காரங்க சாமான்..."

"எல்லாம் இவளோடதுதாம்மா" என்றார் பின்னாலிருந்து என்னோடு வாழ வந்த மனிதர்.

அவள் சிரிக்கவில்லை. தானும் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "நெறைய பேர் ஒளிச்சு வைப்பாங்க மேடம். ஆனா ஒரு ரூம் முழுக்க வச்சு நான் பாத்ததில்ல." வகை வகையாகப் பிரித்து எண்ண ஆரம்பித்தாள். டீ வடிகட்டி ஒன்பது. ஐஸ்கிரீம் டப்பா முப்பத்தாறு, மூடி பதினாலு, ஒன்றுக்கும் பொருந்தாத மூடி ஐந்து.

"உங்க ஆபீஸ்ல பழைய ஃபைல என்ன பண்ணுவீங்க?"

"பத்து வருஷமா யாரும் எடுக்கலன்னா கழிச்சிடுவோம்" என்றேன் பெருமையாக. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இதற்குள் என் கணவர் சத்தமில்லாமல் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். குடித்த டம்ளர்களை எடுத்துப்போய்க் கழுவவும் ஆரம்பித்தார். அந்தப் பெண் சமையலறை வாசலில் நின்று அவரையே பார்த்தாள். அவர் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, கேள்விக்குறி மாதிரி வளைந்து நின்றார்.

"சார் தினமும் கழுவுவாரா?"

"கழுவுவார்."

"டீ?"

"காலைல டீயும் அவர்தான்."

"ஃபார்ம்ல நீங்க மட்டும்னு போட்டிருக்கு..."

கோடு வேறு போட்டிருந்தேன். ஒன்பது வடிகட்டிக்கு வராத வெட்கம் அந்தக் கோட்டுக்கு வந்தது.

அவள் அவரை நிமிரச் சொல்லி முழங்கை உயரத்தை அளந்தாள். "இடுப்பு வலிக்குமே சார்?"

"வலிக்கும். வேன் ஓட்டுறதாலன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

பாதிச் சாமான் வெளியே போனது. மூன்று மாதத்தில் புதிய சமையலறை வந்தது. அடுப்பு மேடை என் உயரத்துக்கு, சிங்க் மேடை நாலு அங்குலம் தூக்கி அவர் உயரத்துக்கு. பூந்தொட்டிப் பலகை இல்லை. மேல் அலமாரி உண்டு.

வேலை முடிந்த அன்று அவர் முதல்முறையாக நிமிர்ந்து நின்று பாத்திரம் கழுவினார். "ஏய், இங்கேருந்து தெரு தெரியுது!" என்று கத்தினார். பதினேழு வருடமாக சிங்குக்கு மேலே அந்த ஜன்னல் அங்கேதான் இருக்கிறது. ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று எக்கிப் பார்த்தேன். எனக்குக் குழாய்தான் தெரிந்தது.

"என்ன தெரியுது, சொல்லுங்க" என்றேன்.

"எதிர்வீட்டுக்காரர் ஏணி மேல நிக்கிறாரு. கீழ அவர் வீட்டம்மா திட்டிட்டு இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே அடுத்த தட்டை எடுத்தார்.