ஈசான மூலையில் ஒரு தொட்டி

எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோரும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பெரியகடைக்குக் கிட்டப் பழைய தெரு ஒன்றில், கைத்தொலைபேசிக் கடைக்கு மேலே இருக்கிறது அது. ஒரு காலத்தில் அப்பாவின் தகப்பனார் புகையிலைச் சிப்பம் அடுக்கி வைத்த கிட்டங்கி. தடித்த சுண்ணாம்புச் சுவர், எட்டாத உயரத்தில் பனை வளைகளும் ஓடும், நடுவே தடுப்பில்லாத ஒரே கூடம். தெருப்பக்கம் ஆளுயரக் கதவு ஒன்று உண்டு. அதைத் திறந்து வெளியே கால் வைத்தால் நேரே தெருவில்தான் விழவேண்டும். சிப்பங்களைக் கயிற்றில் கட்டி ஏற்றுவதற்கு அந்தக் காலத்தில் வைத்த கதவு.

போன வருடம் அக்காவின் மகன் கனடாவிலிருந்து வந்தபோது படம் படமாக எடுத்துத் தள்ளினான். இதற்கு அங்கே லொஃப்ட் என்று பேராம், கோடீஸ்வரர்கள்தான் இப்படி வீடுகளில் இருப்பார்களாம். அப்படியானால் ஒரு கோடீஸ்வரனைப் பார்த்து அனுப்பிவிடு என்றேன். அவன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான்.

இந்த வீடு என் சீதனம். இணுவிலில் இருந்த ஊர்வீடும் வளவும் அக்காவின் சீதனமாகப் போய்விட்டன. அம்மாவும் அதற்கிடையில் காலமாகிவிட்டா. எனக்கென்று அப்பாவிடம் மிஞ்சியது கிட்டங்கியின் மேல்தளம் மட்டும்தான். கீழ்த்தளமும் நிலமும் சித்தப்பாவின் பங்கு. சண்டை ஓய்ந்து தெருக்கள் திறந்ததும் அப்பா மேஸன்மாரைக் கூட்டி வந்தார். கூரை ஓடுகளை மாற்றினார், பலகைத் தளத்தை இழைப்பித்தார், ஒரு மூலையில் குசினி, ஒரு மூலையில் குளியலறை, சாமிக்கு ஒரு மாடம் வைத்தார். தெருக்கதவுக்குக் கம்பி போட்டார். மழைக்காலத்தில் சுவரிலிருந்து வந்த புகையிலை மணத்தை மட்டும் அவரால் போக்க முடியவில்லை. எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. அந்த வீட்டை நான் விரும்பினேன். இதைச் சொல்ல வெட்கமில்லை, அவ்வளவு இடத்தை நான் அதற்கு முன் எனக்கென்று கண்டதில்லை.

எல்லாம் முடிந்த பிறகு அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் ஆட்களில் கலியாணத்துக்கு முன் பெண் வீட்டு ஈசான மூலையில் கன்னிக்கால் ஊன்றவேண்டும். முள்முருக்கந் தடியில் மஞ்சள் துணி சுற்றி, நவதானியம் போட்டு, பாலும் நீரும் விட்டு மண்ணில் நடுவார்கள். அது தளிர்த்தால் குடும்பமும் தழைக்கும் என்பது நம்பிக்கை. மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? அப்பா வடகிழக்கு மூலையில், சுவரோடு சேர்த்துச் சீமெந்தால் ஒரு தொட்டி கட்டுவித்தார். அக்கா வளவுச் செம்மண்ணை உரப்பையில் கட்டி ஓட்டோவில் கொண்டுவந்து, தானே படியேற்றி நிரப்பினார். மாப்பிள்ளை இன்னும் அகப்படவில்லை, கன்னிக்காலுக்கு மட்டும் மண் தயார்.

பெண் பார்க்க வந்தவர்கள் ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. நிறம் பார்த்தார்கள், கச்சேரியில் என் அரசாங்க உத்தியோகத்தைப் பற்றிக் கேட்டார்கள், திருப்திதான். வடை சாப்பிட்டுக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். பிறகு யாராவது ஒருவர் கேட்பார், கிணறு எந்தப் பக்கம் என்று. அப்பா குழாயைக் காட்டுவார். காணி எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. அப்பா கூடத்தின் நீள அகலத்தைச் சொல்லத் தொடங்குவார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போவார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

ஒருவரை மட்டும் நான் மறக்கவில்லை. பண்டத்தரிப்புப் பக்கம், வங்கியில் வேலை. மற்றவர்கள் தளபாடங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கம்பிக் கதவடியில் நின்று தெருவைப் பார்த்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். "இஞ்சை நல்ல காத்து. இப்பிடி ஒரு இடத்திலை இருந்தால் வேறை ஒண்டும் தேவையில்லை" என்றார். என்னிடம் அவர் பேசியது அவ்வளவுதான். எனக்கு அது போதுமாயிருந்தது. அந்தக் கதவடியில் இரண்டு கதிரை போடலாம் என்று உடனே நினைத்துவிட்டேன்.

அன்றைக்குக் காணிக் கேள்வியைக்கூட யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வங்கிக்காரரின் தாயைக் கூட்டிப்போய்த் தொட்டியைக் காட்டினார். எதையும் விட்டுவைக்கவில்லை, சடங்கு குறைவில்லாமல் நடக்கும் என்று விளக்கினார். அந்த அம்மா செம்மண்ணைத் தொட்டுப் பார்த்தா. முகம் மாறியதை நான் கண்டேன், அப்பா காணவில்லை. இரண்டொரு நாளில் தரகர் வந்தார். "கொழும்பிலை எண்டால் சாடிக்குள்ளை நடுவினம், வேறை வழியில்லை. அந்தரத்திலை கன்னிக்கால் நட்டு என்ரை பிள்ளையைக் கலியாணம் செய்யவிட மாட்டன் எண்டு தாய் சொல்லிப்போட்டா" என்றார். மகன் என்ன சொன்னார் என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லையாம்.

அன்று அப்பாவை வாய்க்கு வந்தபடி ஏசினேன். தொட்டியை இடிக்கச் சொன்னேன். அவர் போய், செம்மண்ணைக் கையால் கிளறிவிட்டு வந்தார். அதற்குப் பிறகும் சிலர் வந்தார்கள். பிறகு தாரமிழந்தவர்களைப் பற்றித் தரகர் கதைக்கத் தொடங்கினார். பிறகு அவரும் வருவதை விட்டுவிட்டார்.

இப்போது அப்பாவுக்கு நினைவு பிசகிவிட்டது. போன மாரிக்கு முதல் அவரை இணுவிலுக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது அக்கா வீட்டு வேலியில் ஒரு முருக்கங் கதியாலை முறித்துக் கையில் வைத்துக்கொண்டார். எவ்வளவு கேட்டும் தரவில்லை. ஓட்டோக்காரரிடம் மகளுக்குக் கலியாணம் என்றார். வீட்டுக்கு வந்து பட்டுவேட்டி கட்டி, தன் பழைய சால்வையில் ஒரு துண்டைக் கிழித்து மஞ்சளில் தோய்த்துச் சுற்றி, தடியைத் தொட்டியில் ஊன்றினார். என்னைக் கூப்பிட்டார்.

"வா பிள்ளை, தண்ணி விட்டுக் கும்பிடு."

நரைத்த தலையோடு நான் குனிந்து கும்பிட்டேன். செத்துவிடலாம் போலிருந்தது.

வீட்டுக்குள் நட்டது எங்கே தளிர்க்கப் போகிறது என்றுதான் இருந்தேன். ஆனால் முருக்கு. எந்த மூலையில் குத்தினாலும் பிடித்துவிடும். கதவால் வந்த மழைத்தூவானமும் சேர்ந்துகொண்டது. ஒரு கிழமை நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பிறகு பார்த்தால் கணுவுக்குக் கணு பச்சை. இப்போது என் தோளுக்கு மேலே நிற்கிறது. எந்தப் பெண் வீட்டிலும் கன்னிக்கால் இவ்வளவு செழிப்பாக வளர்ந்து நான் பார்த்ததில்லை. தங்கள் கூரையில் ஈரம் கசிகிறது, மரத்தை வெட்டிவிடுங்கள் என்று கீழ்க்கடைக்காரர் இரண்டு தரம் சொல்லிவிட்டார். வெட்டத்தான் வேண்டும். குசினியில் கத்தி இருக்கிறது. இப்போது கட்டிலோடு கிடக்கும் அப்பாவுக்கு அந்த மூலைதான் நேரே தெரிகிறது.

தினமும் விடிந்ததும் அவர் முதலில் மரத்தைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார். இன்று காலையும் கேட்டார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் எத்தினை மணிக்கு வருவினம்?"

"வீட்டாலை வெளிக்கிட்டிட்டினமாம், அப்பா" என்றேன்.