அடுப்பு எரிந்தால் வீடு என்ற மணியக்காரர்

எழுத்து ஏறுக்குமாறாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய விரலில் பென்சில் நிற்பதில்லை. முதியோர் பள்ளியில் இந்த வருடம்தான் படித்தேன். முதன்முதலாக முழுசாக எழுதுவது நம் மணியக்காரரைப் பற்றி என்பதில் எனக்கு ஒரே சந்தோஷம்.

கம்பைநல்லூர்ச் சந்தையில் புளி மூட்டை இறக்கும்போது, அவர் செத்துப்போய்விட்டதாக வண்டிக்காரர் சொன்னார். நான் நிற்கவில்லை, மிச்ச மூட்டைகளையும் இறக்கினேன். நல்லவர் என்று இந்த இரங்கல் நோட்டில் எழுத ஊர்க்காரர்கள் நீங்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள்; நான் நடந்ததை எழுதுகிறேன்.

வீடில்லாதவர்களுக்கு இலவச மனை, தாசில்தார் நேரில் பார்ப்பார் என்று தண்டோரா போட்டார்களே, நினைவிருக்கிறதா? அப்போது நானும் என் சம்சாரம் முனியம்மாவும் பண்ணைக்காரர் வயலில், அவர் கொடுத்த குடிசையில் இருந்தோம். பெரிய அதிகாரி வருகிறாரே என்று முனியம்மா சுவருக்குச் செம்மண் பூசினாள், சாணி தெளித்துக் கோலம் போட்டாள். நான் மாவிலைத் தோரணம் கட்டினேன். எங்கள் தலையில் நாங்களே மண்ணைப் போட்டுக்கொண்டோம்.

"அழகா இருக்குதே!" என்றார் தாசில்தார்.

மணியக்காரர் முந்திக்கொண்டார். "அடுப்பு எரிஞ்சா அது வூடுதானுங்க. இவங்களுக்கு எதுக்குங்க மனை?"

"இடம் பண்ணைக்காரருதுங்க சாமி," என்றாள் முனியம்மா.

"அதையெல்லாம் யாரும் கேக்கலம்மா," என்றார் மணியக்காரர்.

உண்மைதான். வீடில்லாதவன் என்றால் யார் என்று அரசாங்க உத்தரவு எதிலும் சொல்லவில்லை. அதனால் அவர் சொன்னதே சட்டம். மனைப் பட்டியலில் எங்கள் பெயர் போயிற்று.

பிறகு முனியம்மா காய்ச்சலில் படுத்து, மாட்டுக்கொட்டகை கூட்டப் போகவில்லை. அதற்காகப் பண்ணைக்காரர் ஆள் விட்டு எங்கள் குடிசைக் கூரையைப் பிரித்தார். நான் மணியக்காரரிடம் ஓடினேன்.

"இப்பவாச்சும் எழுதுங்க. இப்ப வூடு இல்லீங்களே?"

வெற்றிலையை மென்றபடி சிரித்தார். "வூடே இல்லாதவன் எப்படிடா இந்த ஊர்க்காரன் ஆவ? மனை ஊர்ல குடியிருக்கறவனுக்குடா."

காய்ச்சலோடு பின்னால் வந்த முனியம்மா விடவில்லை. "ஏனுங்க, கூரை இருந்தா மனை இல்ல, கூரை போனா ஊரே இல்லீங்களா? பாதிக் கூரையோட வந்தா குடுப்பீங்களா?"

"உம் பொண்டாட்டிக்கு வாய் நீளம்டா."

எல்லோரும் சிரித்தீர்கள். ஆமாம், உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். இன்னொரு மணியக்காரர் அப்படிச் சிரிக்கக் கூடாது. அதற்குச் சட்டத்தில் ஒரு வரி போதும்: 'எழுந்து போ' என்று இன்னொருவன் சொன்னால் போயாக வேண்டியவன் எவனோ, மேலே கூரை இருந்தாலும் அவன் வீடில்லாதவன்.

இன்றும் ஏரிப் புறம்போக்கில் நாங்கள் அப்படித்தான் இருக்கிறோம். அவரைச் சொந்த நிலத்தில், கிணற்றோரம் புதைத்திருக்கிறார்கள். அவரை இனி யாரும் எழுப்பிவிட முடியாது. அப்படி ஓர் இடம் கேட்டு அடுத்த வாரம் தாசில்தாருக்கு நானே எழுதுவேன். எனக்கு அது உயிரோடு இருக்கும்போதே வேண்டும்.