பிறக்குமுன்னே பின்னக்கூடாது

இந்த ஊர்ப் பெண்கள் கையில் நூலும் ஊசியும் இல்லாமல் எங்கேயும் உட்காரமாட்டார்கள். பஸ்ஸில் பின்னுவார்கள், டாக்டருக்குக் காத்திருக்கும்போது பின்னுவார்கள், பள்ளிக்கூடக் கூட்டத்தில் டீச்சர் பேசிக்கொண்டிருக்க எதிரே உட்கார்ந்தும் பின்னுவார்கள். டீச்சரும் ஒன்றும் சொல்லமாட்டார். நம் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி பேசும்போது கொட்டாவி விட்டாலே போதும், அன்றைக்குத் தொலைந்தோம். நோர்வேயின் வடக்குக் கோடியில் நான் மீன் வெட்டும் தொழிற்சாலையிலும் இதே கதைதான். கோப்பி நேரம் வந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு பின்னலோடு உட்கார்ந்துவிடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்த இங்கெர் என்ற அம்மாள் ஒரு குட்டிச் சட்டை பின்னிக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்டேன். மகளின் பிள்ளைக்கு என்றார். எத்தனை மாதம் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, மே மாதம்தான் பிறக்கும் என்றார். அப்போது ஜனவரி. பிறக்காத பிள்ளைக்குச் சட்டையா! அதுவும் நாலு பேர் பார்க்க!

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அதற்கென்று ஒரு நூல்கூட வாங்கமாட்டோம். பிறந்த பிறகும் முப்பதாம் நாள் சடங்கு கழியும்வரை பழைய சேலைத் துணிதான். ஆசைப்பட்டு முன்கூட்டியே சேர்த்து வைத்தால் பிள்ளை தங்காது என்பார்கள். இங்கெரிடம் இதைச் சொல்ல என்னிடம் அப்போது பாஷை இல்லை. என் கோப்பியைக் குடித்தேன்.

நூல் பைத்தியம் எனக்கு நோர்வேயில் பிடித்ததல்ல. கஹவத்தைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நான் வேலை செய்தேன். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் தூக்கிவந்து விடுகிற கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எங்கள் பக்கம் நுவரெலியா மாதிரிக் குளிர் கிடையாது, ஆனால் விடியற்காலை மழையில் நனைந்த தலையோடு வரும் பிள்ளைகளுக்குச் சளி விட்டபாடில்லை. அதற்காகத்தான் தொப்பி பின்னத் தொடங்கினேன். கஹவத்தை பஸாரில் நம்மாள் ஒருவரின் கடையில் உல்லன் நூல் உருண்டைகளைப் பொலித்தீன் பையில் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கத்தரிப்பூ நிறம், மயில்கழுத்து. சம்பள நாளில் எல்லாரும் மீன் வாங்க ஓடினால் நான் அங்கே போய் நின்று எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் உட்காரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். “ஏம்மா, வாங்கப்போறியா, சும்மா சாமி கும்புடுறியா?” என்பார் முதலாளி. நாங்கள் குடியிருந்த லயத்துச் சுவர், தார் பூசிய கதவு, புகைபிடித்த கூரை என்று எங்கு பார்த்தாலும் கறுப்பும் சாம்பலுமாக இருந்த வாழ்க்கையில் அந்தக் கடைதான் எனக்குத் திருவிழா. என் தொப்பி இல்லாத தலை அந்தக் காம்பராவில் கிடையாது.

கலியாணமாகி மறு வருஷம் நான் முழுகாமல் இருந்தபோது கை சும்மா இருக்குமா? ஒரு நாள் மஞ்சள் நூலை எடுத்துவிட்டேன். மாமியார் பார்த்துவிட்டார். ஊசியை என் கையிலிருந்து பிடுங்கவில்லை, மெதுவாக வாங்கி அடுக்குப் பெட்டியில் வைத்தார்.

“ஊரான் புள்ளைக்கெல்லாம் பின்னு, யாரு வேணாம்னா? வயித்துல இருக்கறதுக்குச் செய்யப்படாது புள்ள. பொறக்கட்டும். அப்புறம் ஒன் இஷ்டத்துக்குப் பின்னிக்க.”

சரி என்றேன். பிறகு ஒரு கண்ணிகூடப் போடவில்லை. வேண்டியதெல்லாம் மனதுக்குள்ளேயே பின்னி, மனதுக்குள்ளேயே அவிழ்த்தேன்.

பிள்ளை தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தது. அழவில்லை. மிட்வைஃப் அதை எடுத்துக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் போனார். “ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?” என்று நான் கேட்டேன். “அதெல்லாம் கேக்காதம்மா. கேட்டா மனசுலயே நிக்கும்” என்றார். ஜன்னல் வழியாக என் வீட்டுக்காரர் ஒரு வெள்ளைத் துவாய்ச் சுருளை மார்போடு அணைத்தபடி வாசலில் இறங்குவதைப் பார்த்தேன். அவ்வளவுதான். அதன் முகம் தெரியாது, முடி இருந்ததா தெரியாது. மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. மாமியார் மல்லிகைப்பூவை வைத்து மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டினார். பூ வாடியது, பால் வற்றியது. அதற்குப் பிறகு வீட்டில் ஒருவரும் அந்தப் பிள்ளையைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னபடி கேட்டேனே, ஒன்றும் பின்னவில்லையே, பிறகு ஏன் தங்கவில்லை என்று யாரிடமாவது சண்டை பிடிக்க வேண்டும் போலிருந்தது. யாரிடம் பிடிப்பது?

வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவர். குண்டு எங்கே வெடித்தாலும் தமிழன் என்று பொலிஸ்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் உள்ளே வைத்து, பிறகு விடுவார்கள். ஒரு கட்டத்தில் போதும் என்று ஏஜன்சிக்காரனைப் பிடித்து வெளியேறியவர், கடைசியில் இந்த மீன் ஊரில் வந்து நின்று, பிறகு என்னைக் கூப்பிட்டார். இங்கேயும் தமிழர்கள் இருக்கிறார்கள், எல்லாரும் நம் நாட்டின் வடக்குப் பக்கத்தவர்கள். “நீங்கள் எவ்விடம்?” என்பார்கள். இரத்தினபுரிப் பக்கம் என்றால், “அங்கேயும் எங்கட ஆக்கள் இருக்கினமோ?” என்பார்கள். இருக்கிறோம் ஐயா, இருக்கிறோம். எங்களுக்கு இங்கே ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள். இரண்டு பேருக்கும் முப்பது கழிந்த பிறகுதான் பின்னினேன். அதுவரை ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய சேலைதான். தாதிமார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய குளிர்காலம் அது. இங்கெர் ஒரு பை நிறைய மெல்லிய நூல் கொண்டுவந்து, ஆஸ்பத்திரிக்குக் குட்டித் தொப்பிகள் வேண்டும், பின்னித் தருவாயா என்று கேட்டார். அளவு காட்ட ஒரு ஆரஞ்சுத் தோடம்பழத்தை எடுத்து மேசையில் வைத்தார். நோயாளிப் பிள்ளைகள் விளையாடுகிற பொம்மைகளுக்கு என்று நானாக நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை. இரவல் நூல் எனக்கெதற்கு? அவர் தந்தது வெள்ளையும் வெளிர் நீலமுமாக இருந்தது. நான் என் பெட்டியைத் திறந்து சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை என்று விளாசித் தள்ளினேன். உச்சியில் குஞ்சம் வேறு. இரண்டு தொப்பியை விரலில் மாட்டி, பொம்மலாட்டம் மாதிரி ஆட்டிக்கொண்டே இங்கெரிடம் நீட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக் கண்ணை மூடிக் காட்டினார். தூங்கும்போது போடுவதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டி, எனக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இறந்து பிறக்கும் பிள்ளைகளுக்கு. தாய் அந்தப் பிள்ளையை மடியில் வைத்து, உடுத்திப் பார்த்து, படம் எடுத்து, பிறகுதான் அடக்கம் செய்வார்களாம். கடையில் அந்த அளவுக்கு உடுப்புக் கிடைக்காது, ஆகவே இந்த ஊர்ப் பெண்கள் பின்னிக் கொடுக்கிறார்களாம்.

கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். சாவு வீட்டுக்குப் போய்வந்தவள் மாதிரித் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். இரவில், தூங்கிக்கொண்டிருந்த என் பிள்ளைகளின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். பயம் கொஞ்சம் அடங்கிய பிறகு பொறாமை வந்தது. ஆமாம், பொறாமைதான். மடியில் வைத்துப் பார்க்கிறார்களாமே!

மறுநாள் இங்கெரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைப் பாஷையில் என் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். அவர் கத்தியை வைத்துவிட்டு, அவருடைய முதல் பிள்ளையும் அப்படித்தான் என்றார். அந்தக் காலத்தில் இங்கேயும் காட்டமாட்டார்களாம். பல வருஷம் கழித்து அவரே போய் விசாரித்து, ஆண்பிள்ளை என்றும் எங்கே புதைத்தார்கள் என்றும் தெரிந்துகொண்டாராம். “உன் புருஷன்தானே தூக்கிக்கொண்டு போனார்? அவரைக் கேளேன்” என்றார். கேட்கலாம் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று சாயங்காலமே கேட்டேன். “ஏங்க, நம்ம மொதப் புள்ள ஆணா, பொண்ணா?” அவர் எழுந்து வெளியே போய்ப் பனி அள்ளத் தொடங்கிவிட்டார். நெடுநேரம் கழித்து மூக்கு சிவக்க உள்ளே வந்தார். “ஊருக்குப் போனா எடத்தக் காட்டுறேன்” என்றார்.

நோர்வே நடுவில் நின்று சமாதானப் பேச்சு நடத்திக்கொண்டிருந்த காலம். குண்டுச் சத்தம் ஓய்ந்திருந்தது, போனோம். போவதற்கு முன் ஒரு தொப்பியும் சட்டையும் பின்னினேன். ஆணோ பெண்ணோ தெரியாததால் என்னிடம் இருந்த எல்லா நிறத்திலும் ஒவ்வொரு வரி போட்டேன். கஹவத்தையிலிருந்து தோட்டத்துக்குப் போகையில், “கொஹெந்த நோனா?” என்று, எங்கிருந்து வருகிறோம் எனக் கேட்டார் திரீவீலர்க்காரர். நான் வாயைத் திறக்குமுன் வீட்டுக்காரர் கனடாவிலிருந்து வருகிறோம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். நோர்வேக்காரன் நாட்டைப் பிரிக்க வந்தவன் என்று பலர் கறுவிக்கொண்டிருந்த நேரம். நாங்கள் எந்த நாட்டிலிருந்து வருகிறோம் என்பதற்கும் பொய்தான்.

பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் லயத்துக்குப் பின்னால் மலையில் ஏறினோம். தோட்டத்துப் பிணம் புதைக்கும் மேட்டுக்கு வந்ததும் அவர் ஒரு இடத்தில் நின்றார். “இங்கதான்” என்றார். பிறகு நாலடி நடந்து, “இல்ல, அந்தக் கருப்பந்தைல மரத்துக்குக் கீழ” என்றார். பிறகு தண்ணீர் ஓடும் கானின் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“நான் இங்க வரவே இல்ல புள்ள. வாசல்ல வச்சே காளியண்ணங்கிட்டக் குடுத்துட்டேன். அவருதான் கொண்டுபோனாரு. நான் டவுனுக்குப் போய்க் குடிச்சிட்டுப் படுத்துட்டேன்.”

காளியண்ணன் தோட்டத்தில் குழி வெட்டுகிற கிழவர். அவர் செத்தே பல வருஷமாகிவிட்டது.

“தொவாயத் தொறந்து பாத்தீங்களா?”

“இல்ல.” அவர் இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் தூக்கிப் பார்த்துக்கொண்டார். “கனமா இருந்திச்சி. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்.”

அவரைத் திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். இறங்கிப்போய் மாமியாரைக் கேட்டேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

“யாருமே பாக்கல புள்ள. பாத்தா நெனப்பு வரும்னு நாங்க யாருமே பாக்கல. ஒன் நல்லதுக்குத்தான் செஞ்சோம்.”

ஒரு குடும்பமே சேர்ந்து என் பிள்ளையைப் பார்க்காமல் விட்டிருக்கிறது. அன்பால்தான் விட்டார்கள், அது தெரிகிறது. தெரிந்தும் வயிறு எரிகிறது. எந்தக் குழி என்று தெரியாத மலையில் தொப்பியை எங்கே புதைப்பேன்? திரும்பக் கொண்டுவந்தேன். வந்த வாரமே இங்கெரிடம் கொடுத்தேன். “ஆஸ்பத்திரிக்குக் கொடுங்கள். நிறம் பிடிக்காவிட்டால் தூக்கிப் போடச் சொல்லுங்கள்” என்றேன்.

பனி கரையத் தொடங்கிய பிறகு ஒரு நாள் கோப்பி நேரத்தில் இங்கெர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய தெருவில் இருக்கும் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை இறந்து பிறந்ததாம். தட்டில் அடுக்கியிருந்த வெள்ளை, நீலம் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு அந்தத் தாய் என்னுடையதைத்தான் எடுத்தாளாம். சட்டையும் தொப்பியும் போட்டு அடக்கம் செய்தார்களாம். சின்ன ஊர், கல்லறை எங்கே என்று எனக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் போனேன். தேவாலயத்துக்குப் பின்னால், கடலைப் பார்த்த சரிவில், முழ நீளத்துக்கு ஒரு புது மண் மேடு. சின்னக் கல்லில் பெயர் இருந்தது, பெண்பிள்ளை. என் கையால் பின்னியதை உடுத்திக்கொண்டு யாரோ பெற்ற பிள்ளை அங்கே படுத்திருந்தாள். நான் பெற்றதோ கஹவத்தை மண்ணில் ஒரு துவாயோடு கிடக்கிறது. முன்பின் தெரியாத அவள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னேன். என்னுடையதைக் கூப்பிடப் பெயர் இல்லை. குனிந்து மண்ணைத் தொட்டேன், இன்னும் உறைந்து கல்லாகத்தான் இருந்தது. சரளைக் கல்லில் காலடிச் சத்தம் கேட்டது. கையில் பூவோடு ஒரு இளம்பெண் வந்து நின்றாள். தாய்தான், பார்த்ததும் தெரிந்தது. கறுத்த பெண் ஒருத்தி வழி தவறி வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பாள். கோபமில்லாமல்தான் கேட்டாள்.

“யாரையாவது தேடுகிறீர்களா?”

ஆமாம் என்றேன்.

“இங்கேதான் இருக்கிறார்களா?”

இல்லை என்று தலையாட்டிவிட்டு, அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினேன்.