மூலையில் அரை அங்குலம்

ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் வேலை பார்ப்பவருக்கு ஊரில் யாருக்குக் காது குத்து, யாருக்குக் கல்யாணம், யாருக்குக் கண்ணீர் அஞ்சலி என்பதெல்லாம் சொந்தக்காரர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்; தன் விஷயத்தைத்தான் எப்படி அறிவிப்பது என்று தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கும்.

திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டில் ஒரு கடை. பத்து வருஷமாக அங்கே நான் டிசைனர். கவுன்ட்டரில் உட்கார்ந்து பிழைக்கிறவர்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும். எங்கள் தொழிலில் கஸ்டமர் விவரத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக மாட்டார். டிசைனருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். அதில் உட்கார்ந்து, ஸ்கிரீனில் விரலை வைத்து அழுத்தி, "மாமாவ இன்னும் கொஞ்சம் செவப்பாக்கு", "சித்தப்பாவ கொஞ்சம் தள்ளு" என்று கடைசிவரை கூடவே இருப்பார்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை முதலாளியிடம் சொன்னேன். நான் பெண். ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. திங்கட்கிழமை முதல் சுடிதாரில் வருவேன். பெயர் ஸ்டெல்லா. பழைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை, அதற்கு இடம் கொடுத்தது போதும். முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். ரொம்ப நேரம் மௌஸைத் துடைத்துக்கொண்டே இருந்துவிட்டு, "மூணு மாசம் பாக்கலாம். கஸ்டமரு கொறஞ்சா உள் ரூமுக்குப் போய் பேனர் ஓரத்துல கயிறு கட்ட வளையம் அடிக்கிற வேலை. அதுவரைக்கும் மூலையில பேரு வேணாம்" என்றார்.

மூலை என்றால் பேனரின் வலது கீழ் மூலை. அங்கே அரை அங்குல எழுத்தில் 'டிசைன்: இன்னார்' என்று போடுவது எங்கள் வழக்கம். வேறு எதிலும் எங்கள் பெயர் வராது. அந்த இடத்தைக் காலியாக விட்டு மூன்று மாதம் வேலை செய்ய வேண்டும். பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடப் பிடிவாதம் கொஞ்சம் அதிகமாக இருந்ததால் சரி என்றேன். அன்றிலிருந்து முதலாளி என்னை 'டா' போட்டும் கூப்பிடவில்லை, 'ம்மா' போட்டும் கூப்பிடவில்லை. "சாப்ட்டாச்சா?", "ஃபைல் அனுப்பியாச்சா?" என்று எதிரில் ஆளே இல்லாத மாதிரி பேசினார்.

அந்தப் பையன் எங்கே

முதல் திங்கட்கிழமை முதல் கஸ்டமர் பெருமுக்கல்லிலிருந்து வந்த ஒரு பெரியவர். சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். அவர் வீட்டு விசேஷம் ஐந்துக்கு நான்தான் பேனர் செய்திருக்கிறேன். பேத்திக்குக் காது குத்து. என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், உட்காரவில்லை. நின்றபடியே, "இங்க ஒரு பையன் இருப்பானே, எங்க?" என்று கேட்டார்.

காமிக்ஸில் ஹீரோ கண்ணாடியைக் கழற்றிவிட்டு உடுப்பை மாற்றினால் பக்கத்து வீட்டுக்காரனுக்கே அடையாளம் தெரியாது. சின்ன வயதிலிருந்து நான் நம்பாத ஒரே விஷயம் அது. அன்றைக்கு நம்பினேன். ஒன்பது வருஷம் பார்த்த முகத்துக்கு ஒரு பொட்டும் துப்பட்டாவும் போதுமாக இருந்தது. உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. "அவன் வேலைய வுட்டுப் போயிட்டாங்க. அவனுக்கு டிசைன் கத்துக்குடுத்ததே நான்தான்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

தாய்மாமன் படத்தைப் பெரிதாக்கி, பேத்தியை நடுவில் வைத்து, பூ தூவி, ஒரு மணி நேரத்தில் முடித்துக் காட்டினேன். நின்றுகொண்டே முழுசாகப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. ஆனா அந்தப் பையன் பண்ணா இன்னும் கொஞ்சம் எடுப்பா இருக்கும்."

எந்த சபை

இரண்டு வாரம் அந்த நாற்காலியில் ஒருவரும் உட்காரவில்லை. எல்லோரும் நின்றுகொண்டே சொன்னார்கள். சிலர் வாசலில் நின்று சொன்னார்கள். முதன்முதலில் உட்கார்ந்தவர் ஒரு சபை ஊழியரின் மனைவி. மூன்று நாள் உபவாச ஜெபத்துக்குப் பேனர். உட்கார்ந்ததும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெயர் கேட்டார். ஸ்டெல்லா என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "எந்த சபைம்மா?"

அந்த மலர்ந்த முகத்திடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. மேஜை டிராயரைத் திறந்து என் காமிக்ஸை எடுத்துக் கொடுத்தேன். அட்டை இல்லாத, முதல் பக்கம் இல்லாத, கடைசிப் பக்கங்களும் இல்லாத புத்தகம். ஏழாம் வகுப்பில் கிடைத்தது. அதில் துப்பறியும் ஹீரோவைத் தீவுக்கு ஏற்றிப்போகும் விமானத்தை ஓட்டுகிற பெண்தான் ஸ்டெல்லா. மொத்தம் பதினோரு கட்டத்தில்தான் வருவாள். கடைசிக் கட்டத்தில் இன்ஜின் புகைகிறது, ஹீரோவே வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறான், அவள் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கவலை வேண்டாம், நான் இறக்கிவிடுகிறேன்" என்கிறாள். அதற்கப்புறம் பக்கம் கிழிந்துவிட்டது. பையனாக வளர்ந்த நாளெல்லாம் ரகசியமாக நான் அவளாகத்தான் இருந்தேன். இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லி முடித்தபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினோரு கட்டத்தையும் ஒன்று விடாமல் படித்தார். புத்தகத்தை மூடி என் கையில் பத்திரமாகக் கொடுத்தார். "நல்ல தைரியமான பொண்ணும்மா. ஆனா ஞாயித்துக்கெழம ப்ளேன் ஓட்டாத, சபைக்கு வந்துடு."

கடைசிப் பக்கம்

மாதம் ஒரு நாள் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போவேன். டாக்டரைப் பார்த்து, ரத்தம் கொடுத்து, மாத்திரை வாங்கி முடிக்க மத்தியானம் ஆகிவிடும். அந்த மாத்திரை ஆரம்பித்த நாட்களில் காரணம் இல்லாமல் அழுகை வரும். சோப்பு விளம்பரம் பார்த்து அழுதிருக்கிறேன். அதனால் எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். மாத்திரை வாங்கும் நாள் காமிக்ஸ் வாங்கும் நாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் காமிக்ஸ் எடைக்குக் கிடைக்கும். அரைக் கிலோ வாங்கிக்கொண்டு பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டே திண்டிவனம் திரும்புவேன். குதிரைக்காரன், முகமூடிக்காரன், விண்வெளிக்காரன் எல்லோரும் மடியில். பக்கத்தில் உட்காருகிற அக்காக்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒருத்தி வயலில் களை எடுத்துவிட்டுத் திரும்புகிறவள், நான் பக்கத்தைத் திருப்பப் போனபோது கையைப் பிடித்து, "இரும்மா, இன்னும் படிக்கல" என்றாள். அந்த மாதம் நான் அழவே இல்லை.

பேப்பர் கடைக்காரரிடம் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி கேட்பேன். விமானம் ஓட்டுகிற பெண் வருகிற புத்தகம், கடைசிப் பக்கத்தோடு இருக்கிறதா? அவள் விமானத்தை இறக்கினாளா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். மூன்றாவது முறை கேட்டபோது அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "கடைசிப் பக்கம் இருந்தா அத எதுக்கும்மா எடைக்குப் போடப் போறாங்க?"

பதில் கிடைக்கவில்லை. அந்த 'ம்மா' கிடைத்தது.

புயல்

ஒரு நடிகரின் புதுப் படம் வெளியாகும் வாரம். ரசிகர் மன்றத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். நாற்காலி ஒன்றுதான் என்பதால் ஒருவர் உட்கார, இருவர் கைப்பிடியில் தொற்ற, நான்காவது ஆள் என் பின்னால் நின்றான். அவனுக்கு என்னைப் பழைய நாளிலிருந்தே தெரியும். வேண்டுமென்றே பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஒரு முறை, இரண்டு முறை, மூன்றாவது முறை கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. முதலாளி காது கேட்காதவர் போல ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். அவன் படத்தை ஸ்கிரீனில் வைத்து, "உன் பேரு இன்னா போடணும்?" என்று கேட்டேன். "புயல் பிரகாஷ்" என்றான். "உங்க வூட்ல வெச்ச பேரு?" "பிரகாசம்." "எப்பலேர்ந்து புயலு?" அவன் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "ஒம்பது வருசமா இந்த சீட்ல உக்காந்து யாரு இன்னா பேரு சொன்னாலும் போட்டுக்கினு இருக்கேன். புயல், சூறாவளி, சிங்கம்னு எல்லாம் போட்டாச்சு. ஒருத்தரையும் ஆதாரம் கேட்டதில்ல. நீ புயல்னு சொல்ற, நான் அடிக்கிறேன். நான் ஸ்டெல்லான்னு சொல்றேன், நீ கூப்புடு."

கைப்பிடியில் தொற்றியிருந்தவர்களில் ஒருவன்தான் முதலில் சிரித்தான். "அக்கா சொல்றது கரெக்டுதான்டா. உன்ன எந்தத் தெருவுல புயல்னு கூப்புடுறாங்க, சொல்லு?"

சேகர் அண்ணன்

எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. பழைய ஃபைலைத் திறந்து, பெயரையும் படத்தையும் மாற்றி, புதுப் பேனர் ஆக்குவோம். எதையாவது மாற்ற மறந்துவிடுவோம். ஒரு மாப்பிள்ளைக்குப் போன வருஷத்து மணப்பெண்ணின் பெயரைப் போட்டு அனுப்பி, இரண்டு வீட்டாரும் கடைக்கு வந்து நின்ற நாளும் உண்டு.

மூன்றாவது மாதம் ஒரு கல்யாண அவசரத்தில் அப்படி ஒரு பழைய ஃபைலை எடுத்தேன். மாப்பிள்ளை சரி, பெண் சரி, மண்டபம் சரி. மூலையைப் பார்க்க மறந்துவிட்டேன். பத்தடிப் பேனர் பிரின்ட் மிஷினிலிருந்து இறங்கி வந்தபோது வலது கீழே என் பழைய பெயர், பளிச்சென்று. நானே என் கையால் அனுப்பியிருக்கிறேன். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்ததெல்லாம் வீணாகிவிட்ட மாதிரி இருந்தது. மிஷினுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

மிஷின் ஓட்டுகிற சேகர் அண்ணன் அதிகம் பேச மாட்டார். ஸ்கேலை வைத்து, கத்தியை எடுத்து, பேனரின் அடியில் மூன்று அங்குலத்தை நீளமாக அறுத்து எடுத்துச் சுருட்டிக் குப்பையில் போட்டார். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, டீகூடக் குடிக்காமல், பழைய ஃபைல் ஒவ்வொன்றையும் திறந்து மூலையை அழித்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றபோது திரும்பாமல் சொன்னார். "அவன் வேலைய வுட்டு நின்னு மூணு மாசம் ஆவுது. அவன் பேரு இன்னும் எதுக்கு?"

ஆறு கட்டம்

மூன்று மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பெருமுக்கல் பெரியவர் மறுபடி வந்தார். கையில் வேகவைத்த மல்லாட்டைப் பை. இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மலைக் கோயில் திருவிழாவுக்குப் பதினாறு அடிப் பேனர் வேண்டும். "சாமி படம் எல்லாந்தான் போடுறான். இது வேற மாதிரி இருக்கணும். ஜனம் நின்னு பாக்கணும்."

டிராயரிலிருந்து காமிக்ஸை எடுத்தேன். "இப்படிக் கட்டம் கட்டமா போட்டா?" என்று கேட்டேன். அவர் மல்லாட்டையை உரித்து என் கீபோர்டில் தோலைப் போட்டபடி யோசித்தார். அப்புறம் இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டோம். ஆறு கட்டம். மலையடியில் கூட்டம், படி ஏறும் குடும்பம், பாதி வழியில் மூச்சு வாங்கும் மாமா, அவரைத் தாண்டி ஓடும் பேத்தி, உச்சியில் கோயில், கடைசியில் எல்லோரும் பந்தியில். பேச்செல்லாம் பெரியவரே சொன்னார். மூச்சு வாங்கும் மாமாவின் வாயருகே "இன்னும் எத்தினி படிடா?" என்று போட்டபோது அவர் சிரித்த சிரிப்பில் முதலாளியே எழுந்து வந்து பார்த்தார். அந்தப் பேத்தியின் வாயில் மட்டும் நான் எழுதினேன். "கவலை வேண்டாம், நான் கூட்டிப்போகிறேன்."

முடித்ததும் பெரியவர் ஸ்கிரீனின் வலது மூலையில் விரலை வைத்தார். "இங்க பேரு இருக்குமே?" நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தார். பெரியவர் என் பக்கம் முழுசாகத் திரும்பி, முகத்தை நன்றாகப் பார்த்தார். "அந்தப் பையன் அவன் பேரப் போட்டுக்கினு இருந்தான் இல்ல? அவனுக்கே கத்துக்குடுத்தவ நீ. உன் பேரு இல்லாம எடுத்துக்கினு போனா யாரு பண்ணாங்கன்னு ஊர்ல கேப்பாங்களே, நான் இன்னா சொல்றது?"

அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கவும் போவதில்லை. முதலாளி ரசீதுப் புத்தகத்தை மூடினார். மூன்று மாதத்தில் முதல் முறையாக என்னைப் பார்த்துப் பேசினார். "போட்டுக்கம்மா."

பதினாறு அடிப் பேனரில் அரை அங்குல எழுத்தைப் படிக்க வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தி இறங்கிப் பக்கத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும். திருவிழா முடிந்து பேனரைக் கழற்றும்வரை தினமும் பெருமுக்கல் வரைக்கும் போய் அப்படி இறங்கிப் பார்த்த ஒரே ஆள் நான்தான்.